நிறுத்துவதா, குறைப்பதா? போதை சிகிச்சை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் போதை மறுவாழ்வு பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பல, எங்கெங்கோ சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: அடியோடு நிறுத்தினால்தான் சிகிச்சையா, குறைத்துக்கொண்டாலும் சிகிச்சைதானா? ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து, பெயரை நீக்கிவிட்டு இங்கே பதில் தருகிறோம். மருந்துகளின் அளவைச் சில இடங்களில் குறிப்பிட்டிருப்பது, மருத்துவரிடம் விவரம் தெரிந்து பேசுவதற்காக. கடையில் வாங்கித் தானாகப் போட்டுக்கொள்வதற்காக அல்ல.

என் கணவருக்கு 44 வயது. தினமும் குடிக்கிறார். ஒரு மருத்துவர், “இனி ஒரு சொட்டுகூடக் கூடாது” என்கிறார். இன்னொருவர், “முதலில் அளவு குறையட்டும், பார்க்கலாம்” என்று மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். இரண்டாமவர் சொன்னதில் இவருக்குக் கொண்டாட்டம். நான் யாரை நம்புவது?

இருவர் சொன்னதுமே சரியாக இருக்கலாம். எது உங்கள் கணவருக்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்யத் தேவையான விவரங்கள் உங்கள் கடிதத்தில் இல்லை. காலையில் எழுந்ததும் அவருக்குக் கை நடுங்குகிறதா? ஒரு வாய் குடித்ததும் அது அடங்குகிறதா? முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசினாரா? கல்லீரல் சுருக்கம், கணைய அழற்சி என்று எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் முதல் மருத்துவர் பக்கம்தான் நாங்களும். சுருங்கிப்போன கல்லீரலுக்குக் ‘கொஞ்சமாக’ என்ற அளவே கிடையாது. ஒருமுறை கணைய அழற்சி வந்தவருக்குக் குடி மறுபடியும் அதைக் கொண்டுவரும். தீவிரமாக அடிமையானவர் அளவோடு குடிக்க முயன்றால், பெரும்பாலும் சில வாரங்களிலேயே பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறார்.

எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால், குறைப்பு என்பது ஏமாற்று வேலை அல்ல, நியாயமான சிகிச்சைத் திட்டம். உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ என்ற வினாத்தாளை மருத்துவரிடம் கேளுங்கள். 10 கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். 8 முதல் ஆபத்தான குடி; 20-ஐத் தொட்டால் அடிமைநிலை இருக்கிறதா என்று முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். 20-க்குக் கீழே இருப்பவர்களில்தான் குறைப்பு நன்றாக வேலை செய்கிறது.

குறைப்பதென்றால் கணக்கு வேண்டும். ‘இப்போதெல்லாம் கம்மிதான்’ என்பது கணக்கு அல்ல. குடித்த மில்லியை பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.8-ஆல் பெருக்கினால் சுத்த ஆல்கஹால் எத்தனை கிராம் என்று வரும். 40 சதவீத விஸ்கி 60 மில்லி என்றால் சுமார் 19 கிராம். 5 சதவீத பீர் 650 மில்லி என்றால் 26 கிராம். ‘விஸ்கியை விட்டுவிட்டேன், பீர் மட்டும்தான்’ என்று சொல்பவர் பல நேரம் முன்பைவிட அதிகமாகவே குடித்துக்கொண்டிருப்பார். ஆண்களில் நாளொன்றுக்கு 100 கிராமைத் தாண்டினால் மிக அதிக ஆபத்து, 60 முதல் 100 வரை அதிகம், 40 முதல் 60 வரை நடுத்தரம், அதற்குக் கீழே குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் நிலை பிரித்திருக்கிறது. ‘குறைவு’ என்றால் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. ஆனால் மேல்நிலையிலிருந்து இரண்டு படி இறங்கினாலே ரத்த அழுத்தத்திலும் கல்லீரல் பரிசோதனையிலும் மாற்றம் தெரிகிறது. மருந்து ஆய்வுகளில் இரண்டு படி இறங்குவதையும் ஒரு வெற்றியாக ஐரோப்பிய மருந்து முகமை ஏற்கிறது.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை, நால்ட்ரெக்ஸோனாக இருக்கலாம். தினம் 50 மி.கி. குடிக்கும்போது மூளையில் கிடைக்கும் ‘ஆஹா’வை அது மட்டுப்படுத்துகிறது, அதனால் இரண்டோடு எழுந்துவிட முடிகிறது. அக்காம்ப்ரோசேட் என்பது வேறு ரகம். 333 மி.கி. மாத்திரை இரண்டிரண்டாக, நாளைக்கு மூன்று வேளை. அது நிறுத்தியவரை நிறுத்திய நிலையிலேயே காப்பாற்ற உதவுவது. குடித்துக்கொண்டிருப்பவருக்குக் கொடுத்து அதிகப் பயனில்லை. நால்ட்ரெக்ஸோனுக்கு முன் கல்லீரலையும், அக்காம்ப்ரோசேட்டுக்கு முன் சிறுநீரகத்தையும் பரிசோதிப்பார்கள். நால்ட்ரெக்ஸோன் எடுப்பவருக்கு மார்ஃபின், டிரமடால் வகை வலிநிவாரணிகள் கேட்காது. அறுவை சிகிச்சை, விபத்து என்று வந்தால் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இது.

எங்கள் யோசனை: இன்றைய தேதியில் தினம் எத்தனை கிராம், வாரத்தில் குடிக்காத நாள் எத்தனை, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஜிஜிடி ரத்தப் பரிசோதனையில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று மாதம் கெடு வையுங்கள். கிராம் பாதியாகாமல், குடிக்காத நாள் கூடாமல் இருந்தால் குறைப்பு இவருக்குப் பலிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டு முழு நிறுத்தத்துக்குப் போக வேண்டும். இதை ஆரம்பத்திலேயே மருத்துவர் முன்னிலையில் பேசி முடிவு செய்யுங்கள். பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

நாளைக்கே நிறுத்துவதாக முடிவு செய்துவிட்டேன். ஐந்து நாள் லீவு போட்டு, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பல்லைக் கடித்துத் தாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். தினமும் முக்கால் பாட்டில் பிராந்தி, பன்னிரண்டு வருடப் பழக்கம்.

வேண்டாம். உங்கள் அளவுக்கு அது உயிரோடு விளையாடுவது. ஹெராயினைத் திடீரென நிறுத்தினால் நரக வேதனை, ஆனால் அந்த வேதனை மட்டுமே உயிரைப் பறிப்பது அபூர்வம். மதுவைத் திடீரென நிறுத்தினால் உயிரே போகலாம். இது பலருக்குத் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கிறது.

நடப்பது இதுதான். வருடக்கணக்காக மது மூளையை அமுக்கியே வைத்திருந்தது. அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டி வைத்திருக்கிறது. மதுவைச் சட்டென்று எடுத்தால் அந்தக் கிளர்ச்சியை அடக்க ஆளில்லை. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். 48 மணி நேரம் வரை வலிப்பு எந்த நொடியும் வரலாம். அதைத் தாண்டி, பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் குடிஜன்னி: இரவா பகலா தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டிக்கொண்டிருப்பார், காய்ச்சல், இதயம் தறிகெட்டு ஓடும். ‘முதல் நாள் தாண்டிவிட்டேன், இனி பயமில்லை’ என்று நினைக்கும் நேரத்தில்தான் இது வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டவருக்கு அப்போது கதவைத் திறக்கத் தெரியாது.

மருத்துவமனையில் ஐந்திலிருந்து ஏழு நாள் வரை டயஸெபாம் போன்ற மருந்தைப் போதிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் பழுதானவருக்கு லோராஸெபாம். கூடவே தயமின், அதாவது பி1 விட்டமின். தொடர்ந்து குடிப்பவரின் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது என்பதால் முதலில் ஊசியாகவே போடுவது நல்லது. சோர்ந்து கிடக்கிறார் என்று வெறும் குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஏற்றுவது பெரிய தவறு. உடம்பில் மிச்சமிருக்கும் கொஞ்ச தயமினையும் குளுக்கோஸ் செலவழித்துவிடும். குழப்பம், தள்ளாட்டம், கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுவது என்று ஆரம்பித்து, நிரந்தர மறதியில் கொண்டுபோய் விடும். தயமின் முன்னால், அல்லது குளுக்கோஸோடு சேர்த்து. டிரிப் ஏற்றும் இடத்தில் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

படுக்கை கிடைக்கச் சில வாரமாகும் என்றால், அதுவரை திடீரென நிறுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு. இப்போது குடிக்கும் அளவை ஒரு வாரம் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, பிறகு நான்கு நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். நடுக்கமோ வியர்வையோ வந்தால் வேகம் அதிகம். முந்தைய அளவுக்குப் போய்ச் சில நாள் நின்று பிறகு இறங்குங்கள். முழு நிறுத்தத்தை விரும்பும் உங்களுக்கே முதல் படி குறைப்பாகத்தான் இருக்கிறது, பாருங்கள்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் ‘குடியை நிறுத்தும் மாத்திரை’ பற்றிச் சொல்லுங்கள். பலன் உண்டா?

அது பெரும்பாலும் டைசல்ஃபிராம். செய்யாதீர்கள். மது உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகுதான் கரைகிறது. இந்த இரண்டாவது வேலையை மாத்திரை தடுத்துவிடுகிறது. குடித்தவுடன் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். இதயக் கோளாறு இருந்தால் அதோடு முடியலாம். மாத்திரை உள்ளே இருப்பது தெரியாதவர், ‘உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது’ என்று இன்னும் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொள்வார். சிகிச்சை தரும் மருத்துவருக்கும் காரணம் புரியாது.

தெரிந்து, சம்மதித்து எடுத்தால் நல்ல மருந்துதான். அடியோடு நிறுத்த விரும்புபவருக்கு மட்டும். குறைக்க நினைப்பவருக்கு இதில் வேலையில்லை. கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத் தொடங்க வேண்டும். நிறுத்திய பிறகும் 14 நாள் வரை வேலை செய்யும். மது கலந்த இருமல் சிரப், வாய் கொப்பளிக்கும் திரவம்கூட வினையைக் கிளப்பலாம். கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் ஒருவர் முன்னிலையில் காலையில் போட்டுக்கொள்பவர்களிடம்தான் இது பலிக்கிறது. தானாக எடுத்துக்கொள்ளச் சொன்னால், மாத்திரை சில வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

தம்பி ஹெராயினில் சிக்கினான். 90 நாள் மறுவாழ்வு மையத்தில் இருந்து சுத்தமாக வெளியே வந்தான். மூன்றாவது வாரமே மறுபடி ஆரம்பித்துவிட்டான். இப்போது ஒரு மருத்துவர் ப்யூப்ரெனார்ஃபின் தருகிறார், வருடக்கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறார். “ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?” என்று அப்பா கோபப்படுகிறார். எனக்கும் அதே சந்தேகம்.

உங்கள் தம்பி அந்த மூன்றாவது வாரத்தில் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம், அக்கா. மதுவில் நாங்கள் எடுத்த நிலைப்பாட்டை இங்கே அப்படியே திருப்பிப்போட வேண்டியிருக்கிறது. ஓபியாய்டு வகை போதையில் (ஹெராயின், மார்ஃபின் போன்றவை), மருந்தில்லாமல் வெறுமனே சுத்தப்படுத்தி அனுப்புவதுதான் ஆகப் பெரிய ஆபத்து.

தினமும் எடுக்கும்போது உடம்பு பெரிய அளவைத் தாங்கப் பழகிவிடுகிறது. விட்டுவிட்டு இருந்தால் அந்தத் தாங்குதிறன் சில நாட்களிலேயே சரியத் தொடங்கும். சில வாரங்களில் பெரும்பகுதி போய்விடும். ஏக்கம் அப்படிப் போவதில்லை. வெளியே வந்தவன் பழைய ஞாபகத்தில் பழைய அளவையே எடுக்கிறான். இப்போதைய உடம்புக்கு அது கொல்லும் அளவு, மூச்சு நின்றுவிடுகிறது. மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் இந்த மரணங்கள் குவிகின்றன.

ப்யூப்ரெனார்ஃபினும், மூளையில் ஹெராயின் போய் ஒட்டும் அதே இடங்களில், அதாவது ஓபியாய்டு ஏற்பிகளில்தான் போய் உட்காருகிறது. ஆனால் அவற்றை அரைகுறையாகத்தான் தூண்டும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் விளைவு கூடாது. பிடியும் பலமானது, மேலே ஹெராயின் எடுத்தாலும் பெரிதாக ஏறாது. ஒரு நாளுக்கு மேல் நிற்பதால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அலைய வேண்டியதில்லை. சரியான அளவில் எடுப்பவன் வேலைக்குப் போவான், பேசுவான், தூங்குவான். கிறங்கிக் கிடக்க மாட்டான். மெதடோன் என்ற மருந்தும் இதே நோக்கத்துக்குத்தான். நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் இருவரும் 1965-ல் அதன் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு மருந்துகளையும் 2005-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பிரான்சில் 1990-களின் நடுவில் சாதாரண மருத்துவர்களே ப்யூப்ரெனார்ஃபின் எழுதலாம் என்றாக்கினார்கள். 1995-க்கும் 1999-க்கும் இடையே அங்கே ஹெராயின் மிகையளவு மரணங்கள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. அப்பாவிடம் சொல்ல இந்த ஒரு விவரம் போதும் என்று நினைக்கிறோம்.

ஆனால் சொதப்ப இடம் நிறைய இருக்கிறது. முதல் வேளை மிக முக்கியம். ஹெராயின் உள்ளே இருக்கும்போதே இதைப் போட்டால், ப்யூப்ரெனார்ஃபின் அதை ஏற்பியிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டுத் தான் உட்காரும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் போதை நின்றால் வரும் மொத்த விலகல் வேதனையும் ஒரே அடியாக இறங்கும். அதைப் பட்டவன் இந்த மருந்தின் பக்கமே திரும்ப மாட்டான். கடைசி ஹெராயினுக்குப் பின் 12 முதல் 24 மணி நேரம், மெதடோன் என்றால் அதைவிட நீளமாக, 24 முதல் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடிகாரத்தை மட்டும் நம்பாமல் உடம்பையும் பார்க்க வேண்டும்: கண்மணி விரிந்து, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல் தெரிந்த பிறகே முதல் 2 அல்லது 4 மி.கி.

அடுத்த தவறு, அளவு போதாமல் வைத்திருப்பது. பலருக்கு 16 மி.கி. வரை தேவைப்படும், சிலருக்கு 24. ‘அதிகம் வேண்டாமே’ என்று 4 மி.கி.யிலேயே நிறுத்தினால், சாயங்காலம் ஏக்கம் எழும், மேலே ஹெராயின் எடுப்பான், ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று எல்லோரும் கைவிடுவார்கள். வேலை செய்யாதது மருந்து அல்ல, அளவு. விழுங்கினாலும் பயன் போய்விடும். ஒரு வாய் தண்ணீரால் வாயை ஈரமாக்கி, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, பேசாமல், எச்சிலை விழுங்காமல், கரையும்வரை இருக்க வேண்டும், 5 முதல் 10 நிமிடம். கரைந்ததும் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும், பல் துலக்குவது ஒரு மணி நேரம் கழித்து. இல்லாவிட்டால் நாளடைவில் பல் கெடும். நலாக்ஸோன் (ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்து) கலந்த மாத்திரை தந்திருந்தால் அது வேறு காரணத்துக்காக: நாக்கடியில் வைத்தால் நலாக்ஸோன் பெரிதாக உறிஞ்சப்படாது, கரைத்து ஊசி போட்டால் விலகல் வேதனையைக் கிளப்பும்.

மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்த்தால் இதுவும் மூச்சை அமுக்கும். சின்னக் குழந்தைக்கு ஒரு மாத்திரையே ஆபத்து, பூட்டி வையுங்கள். எவ்வளவு காலம் என்பதற்கு முன்கூட்டியே தேதி குறிக்காதீர்கள். சில வாரங்களில் குறைத்து நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஒரு வருடத்துக்குக் குறையாமல், வேலை, வீடு, உறக்கம் எல்லாம் நிலைத்த பிறகு, அவனே கேட்டால் மாதக்கணக்கில் மெதுவாகக் குறைக்கலாம். கேட்காவிட்டால் தொடரட்டும்.

வீட்டில் நலாக்ஸோன் வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எழுப்பினால் எழவில்லை, உதடு நீலம், மூச்சு நிமிடத்துக்கு ஏழெட்டு என்று குறைந்து குறட்டை மாதிரி சத்தம் வந்தால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு மூக்கில் ஒரு ஸ்ப்ரே. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். 2, 3 நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இன்னொன்று. கண் திறந்ததும் ‘சரியாகிவிட்டான்’ என்று விட்டுவிடாதீர்கள். நலாக்ஸோன் 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், ஹெராயின் உள்ளேயே இருக்கும்.

போதை ஊசி போடுபவர்களுக்குப் புது ஊசி கொடுக்கும் திட்டம் பற்றிப் படித்தேன். குடிகாரனுக்கு கிளாஸ் கழுவிக் கொடுப்பது மாதிரி இல்லையா?

கோபம் புரிகிறது. ஆனால் ஊசி கிடைக்காததால் யாரும் போதையை விட்டதில்லை. பக்கத்தில் இருப்பவனின் ஊசியை வாங்கிக்கொள்கிறார்கள். 1984-ல் ஆம்ஸ்டர்டாமில் போதை பயன்படுத்துபவர்களின் சங்கமே மஞ்சள் காமாலை பி பரவலைப் பார்த்து ஊசிப் பரிமாற்றத்தைத் தொடங்கியது. எச்.ஐ.வி. வந்தபோது அந்த ஏற்பாடு பல நாடுகளுக்குப் போனது. ஹெபடைடிஸ் சி கிருமி சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. ஊசி மட்டும் போதாது. தூளைக் கரைக்கும் மூடி, வடிகட்டும் பஞ்சு, தண்ணீர், இவற்றைப் பகிர்ந்துகொண்டாலும் பரவும். அதனால்தான் ஒழுங்காக நடக்கும் மையங்கள் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகத் தருகின்றன. பிளீச்சால் கழுவிப் பயன்படுத்துவதை நம்ப முடியாது.

இன்னொரு பலனும் உண்டு. எந்த மருத்துவமனை வாசலையும் மிதிக்காதவன் ஊசி வாங்க வாரம் ஒருமுறை வருகிறான். புண்ணுக்கு மருந்து போடுகிறார்கள், எச்.ஐ.வி. பரிசோதிக்கிறார்கள், ஒருநாள் ‘நிறுத்த முடியுமா?’ என்று அவனே கேட்கிறான். சுவிட்சர்லாந்து இன்னும் ஒரு படி போனது. வேறு எதுவும் பலிக்காதவர்களுக்கு 1994 முதல் மருத்துவக் கண்காணிப்பில் மருந்துத்தர ஹெராயினையே கொடுக்கிறார்கள். 2008-ல் மக்கள் வாக்கெடுப்பில் அது ஏற்கப்பட்டது.

ஏ.ஏ. (குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’) கூட்டத்துக்குப் போகிறேன். எட்டு மாதமாகக் குடிக்கவில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரையும் அக்காம்ப்ரோசேட்டும் எடுக்கிறேன் என்றதும், “மாத்திரை எடுத்தால் அது சுத்தம் இல்லை” என்றார் ஒரு மூத்த உறுப்பினர்.

அது அவருடைய சொந்தக் கருத்து. மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்வது ஏ.ஏ. அமைப்பின் கொள்கை அல்ல. சேருவதற்கு ஒரே நிபந்தனை, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். இரண்டையும் தொடருங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு, ஏ.ஏ. மற்றும் அதை ஒட்டிய சிகிச்சைகள் தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்கு இணையாக அல்லது மேலாக இருப்பதாகச் சொல்கிறது. கூட்டத்தை விட வேண்டாம். அந்த மூத்த உறுப்பினரின் நாற்காலிக்குப் பக்கத்தில் மட்டும் உட்கார வேண்டாம்.

தினம் 20 சிகரெட்டிலிருந்து 5-க்கு வந்துவிட்டேன். இது போதாதா?

போதாது. தீங்கு குறைப்பை, அதாவது விட முடியாதவரின் பாதிப்பையாவது குறைக்கும் வழியை, ஆதரிக்கிறவர்களும் புகையில் இப்படித்தான் சொல்வார்கள். நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கே, 20 பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது என்று 2018-ல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. தவிர, எண்ணிக்கையைக் குறைப்பவர் இருப்பதை ஆழமாக, ஒட்ட ஒட்ட இழுப்பார்.

ஆனால் குறைப்பதை ஏணியாக வைத்துக்கொள்ளலாம். புகை ஏக்கத்தைக் குறைக்கும் வரெனிக்ளின் மாத்திரையோடு முதல் நான்கு வாரத்தில் பாதி, அடுத்த நான்கில் அதிலும் பாதி, 12-ஆம் வாரத்துக்குள் பூஜ்யம், பிறகும் மாத்திரையை 24-ஆம் வாரம் வரை தொடர்வது என்று ஒரு முறை உண்டு. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையும் நிக்கோட்டின் சூயிங்கமும் சேர்த்துப் பயன்படுத்தினால், ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் அதிகம். கம்மைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மெல்லுவதால்தான் பலர் ‘விக்கல் வருகிறது, வயிறு எரிகிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். சுரீர் என்றதும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுரீர் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காபி, பழச்சாறு குடித்து 15 நிமிடம் கழித்தே போட வேண்டும், இல்லாவிட்டால் நிக்கோட்டின் உறிஞ்சப்படாது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி.

மெத் (மெத்தாம்ஃபெட்டமின்), கொக்கெய்னுக்கும் ப்யூப்ரெனார்ஃபின் மாதிரி மாற்று மருந்து உண்டா?

அப்படி நிலைநாட்டப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. இருப்பதில் நன்றாக வேலை செய்வது பரிசு முறை: வாரம் இரண்டு மூன்று முறை சிறுநீர்ப் பரிசோதனை, சுத்தமாக இருந்தால் அங்கேயே ஒரு சிறு பரிசுச் சீட்டு, தொடர்ந்து சுத்தமாக இருந்தால் பரிசின் மதிப்பு கூடும், தவறினால் ஆரம்ப மதிப்புக்குத் திரும்பும். ‘ஒழுங்காக இருப்பதற்குக் கூலியா?’ என்று பலருக்கு இது உறுத்துகிறது. பரிசை ஒரு வாரம் தாமதித்துக் கொடுத்தால் பலன் போய்விடும். உடனே கொடுப்பதுதான் அதன் உயிர்.

அண்ணனை மையத்தில் சேர்க்கப் போகிறோம். சேர்க்கும் முன் என்ன கேட்க வேண்டும்? ஒரு மையத்தில், “நடுவில் ஒருமுறை எடுத்தாலும் வெளியே அனுப்பிவிடுவோம்” என்றார்கள். அந்தக் கண்டிப்பு நல்லதுதானே?

மூட்டு வலிக்குச் சேர்ந்தவரை, வலிக்கிறது என்றதற்காக வெளியே அனுப்புவதில்லை. சறுக்கல் இந்த நோயின் அறிகுறி. உள்ளே போதை வராமல் காப்பது மையத்தின் பொறுப்பு, அதில் கண்டிப்பு வேண்டும்தான். ஆனால் சறுக்கியவரை அன்றே தெருவில் விடுவது, அதிலும் ஓபியாய்டு நோயாளியை, மிக மோசமான நேரத்தில் மிக மோசமான முடிவு. உளவியலாளர் ஆலன் மார்லட் இதை நெருக்கமாக ஆராய்ந்தவர். ‘ஒரு சொட்டு பட்டால் எல்லாம் போச்சு’ என்றே பழக்கப்படுத்தப்பட்டவர் ஒரு கிளாஸ் குடித்துவிட்டால், ‘அதான் போச்சே’ என்று பாட்டிலையே முடிக்கிறார் என்று அவர் விளக்கினார். முழு நிறுத்தத்தை இலக்காக வைத்துக்கொண்டே, சறுக்கினால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று சொல்லிக்கொடுக்கலாம். நல்ல மையங்கள் அதைச் செய்கின்றன.

கேட்க வேண்டியவை: முதல் ஐந்து நாள் இரவில் மருத்துவர் அல்லது நர்ஸ் இருப்பாரா? வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவார்கள்? தயமின் ஊசி போடுகிறார்களா? மருத்துவர் எழுதிய மருந்துகளைத் தொடர விடுவார்களா, வாசலிலேயே பிடுங்கி வைப்பார்களா? பூட்டி வைப்பது, கட்டிப்போடுவது, அடிப்பது உண்டா? ‘இல்லை’ என்ற பதிலை மட்டும் நம்பாமல், வாரம் ஒருமுறையாவது தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ‘100 சதவீத வெற்றி’ என்று போர்டு வைத்திருந்தால், ஒரு வருடம் கழித்து எத்தனை பேரைத் தொடர்புகொண்டு கணக்கெடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

வெளியே வரும் நாள் பற்றியும் சேர்க்கும் நாளிலேயே பேசிவிடுங்கள். முதல் மறுபரிசோதனை ஒரு வாரத்துக்குள் இருக்க வேண்டும், தேதியும் மருத்துவர் பெயரும் எழுத்தில் வேண்டும். அந்தத் தேதி வரைக்கும் போதுமான மாத்திரை கையில் வேண்டும். அண்ணனுக்கு ஓபியாய்டு பழக்கம் இருந்தால், மருந்து எதுவும் தொடங்காமல் டிஸ்சார்ஜ் என்ற பேச்சுக்கே சம்மதிக்காதீர்கள்.